காலிப் படுக்கையின் இலக்கணம்
இராணுவ மருத்துவமனைகளின் அவசரகாலத் திட்டங்களை வாசித்தல்

1

1981இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கான்ட்ரா கோஸ்டா கவுண்டியின் பொது மருத்துவமனை டாக்டர்கள், இராணுவம் கொண்டுவந்த ஒரு திட்டத்தில் சேர மாட்டோம் என்றார்கள். மேலுக்குப் பார்த்தால் அவர்களிடம் கேட்கப்பட்டது சின்ன விஷயம். வெளிநாட்டில் எங்காவது பெரும்போர் மூண்டால், காயம்பட்டு வருகிற சிப்பாய்களுக்கு இராணுவ மருத்துவமனைகளில் இடம் பற்றாமல் போகலாம். அப்போது உங்கள் மருத்துவமனையில் கொஞ்சம் படுக்கைகளை ஒதுக்கித் தருவீர்களா? இவ்வளவுதான் கேள்வி. இப்போதே தர வேண்டும் என்பதில்லை. வந்தால் தர வேண்டும். இப்போதைக்குச் 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை போதும்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர்கள் தரவில்லை. காயம்பட்டுக் கிடக்கிறவனுக்குப் படுக்கை கிடையாது என்கிறவர் என்ன டாக்டர் என்று அன்றைக்கே கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் போர்வெறியர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்வியில் ஓர் அறம் இருக்கிறது. மறுத்தவர்கள் பக்கத்திலும் ஓர் அறம் இருக்கிறது. இரண்டையும் தராசில் போடுவதற்கு முன்னால், மறுக்கப்பட்டது என்ன என்று தெரிய வேண்டும். மறுக்கப்பட்டது காயம்பட்டவன் அல்ல, திட்டம். காயம்பட்டவன் வாசலில் வந்து இறங்குவது ஒரு சம்பவம். அவன் வருவான் என்று இன்றைக்கே படுக்கை எண்ணி வைப்பது வேறொரு காரியம். அந்தக் காரியத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2

நம் விமர்சனச் சூழலில் திட்டங்களை வாசிக்கிற பழக்கம் இல்லை. கதையை வாசிக்கிறோம், கவிதையை வாசிக்கிறோம், கட்சித் தீர்மானத்தைக்கூட வரிவரியாகக் கட்டுடைக்கிறோம். ஒரு மருத்துவமனை தன் அலமாரியில் வைத்திருக்கிற அவசரகாலத் திட்டத்தை யாரும் பிரதியாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதியவனுக்கும் அதில் பெயரில்லை, வாசிக்கிறவனுக்கும் பெயரில்லை. ஆனால் யார் பிழைக்க வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று ஒரு சமூகம் நினைப்பதை அதன் நாவல்களைவிட இந்த மாதிரிக் கோப்புகள் பச்சையாகச் சொல்கின்றன. நாவலுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

அந்தக் கோப்பில் என்ன இருக்கும்? முதலில் ஆபத்துகளின் பட்டியல். தீ, வெள்ளம், நிலநடுக்கம், மின்சாரம் நின்றுபோவது, தண்ணீர் வராமல் போவது, ரசாயனக் கசிவு, தொற்றுநோய், துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே நுழைவது, கூட்டம் கூட்டமாகக் காயம்பட்டோர் வந்து இறங்குவது. ஒவ்வொன்றும் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம், நாம் எந்த அளவு தயார் என்று பரீட்சை மார்க் மாதிரி எண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அப்புறம் யார் தலைமை, யாருக்கு யார் போன் செய்வது, ரத்தம் எங்கிருந்து வரும், ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை நாளைக்கு, பிணவறை நிரம்பினால் உடல்களை எங்கே வைப்பது. எந்த ஆபத்து வந்தாலும் ஒரே கட்டமைப்பு, ஒரே கட்டளை வரிசை. 'எல்லா ஆபத்துகளுக்குமான அணுகுமுறை' என்று இதற்குப் பெயர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாதாரண மருத்துவமனைக்கு இந்தப் பட்டியலில் இருப்பவை தற்செயல்கள். இராணுவ மருத்துவமனைக்கு அப்படியல்ல. காயம்பட்டோர் மொத்தமாக வருவது அதன் தொழிலின் ஒரு பகுதி. எப்போது வருவார்கள் என்பதைத் தீர்மானிப்பதில், அந்த மருத்துவமனைக்குச் சம்பளம் கொடுக்கிற அதே அமைப்புக்கும் பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஃபூக்கோவை அழைத்தாக வேண்டும். நம்மவர்கள் அவரைச் சிறைச்சாலைக்கும் பைத்தியக்கார விடுதிக்கும் மட்டுமே மேற்கோள் காட்டிக் காட்டி ஒருவழி பண்ணிவிட்டார்கள். 1975இல் வந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் ரோஷ்ஃபோர் துறைமுகத்துக் கடற்படை மருத்துவமனை பற்றி அவர் பேசுகிற பக்கங்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலில் ஆற்றிய உரையொன்றில் இன்னும் விரிவாகவே சொன்னார். ஐரோப்பிய மருத்துவமனை நோய் தீர்க்கும் கருவியாக மாறத் தொடங்கியது கடற்படை, தரைப்படை மருத்துவமனைகளில்தான் என்பது அவர் வாதம். தொடக்கத்தில் நோக்கம் நோய் தீர்ப்பதுகூட அல்ல, ஒழுங்கு. துறைமுகத்தில் கள்ளக்கடத்தல், படையிலிருந்து ஓடிப்போவது, தொற்று எல்லாம் கலந்து கிடந்தன. சுங்கத்துக்குத் தப்ப நோயாளி வேஷம் போட்டு மருத்துவமனைக்குள் சரக்கோடு போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஆளைப் படுக்கையோடும் பெயரோடும் நோயோடும் கட்டிவைக்கிற தேவை அப்படி வந்தது. இன்னொரு காரணம் துப்பாக்கி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கி பரவிய பிறகு, சிப்பாய்க்குப் பயிற்சி கொடுப்பது செலவுபிடித்த காரியமாயிற்று. செலவழித்து உருவாக்கியவனைக் காய்ச்சலுக்குச் சாகவிட முடியாது. குணமானதாக நடித்துக்கொண்டு ஓடிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, அந்தப் படுக்கையில் கிடப்பவன் நோயாளி, முதலீடு இரண்டுமாக இருக்கிறான். இராணுவ மருத்துவம் குறித்த எல்லாச் சிக்கல்களுக்கும் ஊற்றுக்கண் இந்த இரட்டைத் தன்மைதான் என்று நினைக்கிறேன்.

போகிற போக்கில் ஒன்று. நம் புறத்திணையில் காயம்பட்ட வீரனைப் பற்றி இரண்டு துறைகள் இருப்பது எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பது தொடாக்காஞ்சி. காக்கச் சுற்றத்தார் யாருமில்லாமல் கிடப்பவனைப் பேயே காப்பது பேய்ப்பக்கம். அரசனுக்காகப் பட்ட புண், ஆனால் பார்த்துக்கொள்வது வீடு. வீடு இல்லாதவனுக்குப் பேய். இதில் அரசன் எங்கேயும் படுக்கை எண்ணவில்லை. அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை (அப்படிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்). காயம்பட்டவனை அரசு எண்ணத் தொடங்கியது சமீபத்திய விஷயம் என்பதற்காகச் சொன்னேன்.

3

எண்ணத் தொடங்கியதும் பொறுக்கியெடுப்பதும் தொடங்கியது. 'ட்ரையாஜ்' என்கிற பிரெஞ்சுச் சொல் கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் தரம் பிரிப்பதற்குப் புழங்கிய சொல். முறத்தில் போட்டுப் புடைத்து நல்லது, சொத்தை என்று பிரிக்கிறோமே, அந்த வேலை. அது மனிதர்களுக்கு வந்தது போர்க்களத்தில்.

நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரேயை இதன் மூலவர் என்பார்கள். 1790களில் குதிரை பூட்டிய 'பறக்கும் ஆம்புலன்ஸ்' வண்டிகளைச் சண்டை நடக்கிற இடத்துக்கே ஓட்டியவர். 1812 ரஷ்யப் படையெடுப்பு பற்றிய நினைவுக்குறிப்பில், ஆபத்தான காயம் உள்ளவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பதவியோ அந்தஸ்தோ பார்க்கக் கூடாது என்று எழுதினார். தளபதிக்குக் கீறல், சிப்பாய்க்குக் கால் போய்விட்டது என்றால் சிப்பாய்க்குத்தான் முதலில். பிரபுக்களின் பையன்கள் காசு கொடுத்து அதிகாரியான படைகள் நிறைந்திருந்த ஐரோப்பாவில் இது சாதாரண வார்த்தை அல்ல. பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவம் நேராக அறுவை மேசைக்கு வந்துவிட்ட மாதிரி. இதைக் குறைத்துப் பேசினால் நாம் நியாயமாக நடந்துகொண்டவர்கள் ஆகமாட்டோம்.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. 1846இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன் வேறு மாதிரி சொன்னார். லேசான காயம் காத்திருக்கலாம், எப்படியும் சாகப்போகிற காயத்தையும் ஒத்திப் போட வேண்டும், அறுவையால் பிழைக்கக்கூடியவனுக்கே முதலில் கை போக வேண்டும். கிரிமியப் போரில், செவஸ்தபோலில், நிக்கொலாய் பிரோகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் காயம்பட்டோரை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒரு வகை, நம்பிக்கை இல்லாதவர்கள். அவர்களைச் செவிலியரிடமும் பாதிரியாரிடமும் விட்டார். குவியலாகக் கிடந்தவர்கள் வரிசையானார்கள், நிறையப் பேர் பிழைத்தார்கள். அதுவும் உண்மை.

இன்றைக்கு நேட்டோ படைகளின் மருத்துவத்தில் நான்கு வகை. உடனே பார்க்க வேண்டியவர், கொஞ்சம் தாமதிக்கலாம் என்பவர், லேசான காயக்காரர். நான்காவது வகைக்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்டன்ட்' என்று பெயர். குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கும் அந்த மொழியில் இதே சொல்தான். இங்கே எதிர்பார்க்கப்படுவது சாவு. இருக்கிற ஆளுக்கும் மருந்துக்கும் இவரைக் காப்பாற்ற முனைந்தால் இன்னும் நாலு பேர் செத்துப்போவார்கள் என்ற கணக்கில் ஒதுக்கி வைக்கப்படுபவர். வலிக்கு மருந்து கொடுப்பார்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கப் பார்ப்பார்கள், நிலைமை சீரானால் மறுபடி வந்து பார்ப்பார்கள். கவனியுங்கள், இந்த வகை உடம்பின் தன்மை அல்ல. ஆளில்லாத நாளில் நான்காம் வகையில் விழுகிற அதே காயம், ஆளிருக்கிற நாளில் முதல் வகை. எத்தனை டாக்டர், எத்தனை பாட்டில் ரத்தம், எத்தனை படுக்கை என்பதைப் பொறுத்து ஒருவர் 'சாகப்போகிறவர்' ஆகிறார். அந்த எண்ணிக்கைகளைக் காயம் படுவதற்கு வெகுநாள் முன்பே தீர்மானிப்பது திட்டம்.

எண்ணிக்கையோடு நிற்பதில்லை, நோக்கமும் உள்ளே வருகிறது. 1943இல் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பெனிசிலின் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் சண்டையில் காயம்பட்டவர்கள், இன்னொரு பக்கம் விலைமாதர் விடுதிக்குப் போய் மேகநோய் வாங்கி வந்தவர்கள். மருந்து இரண்டாமவர்களுக்குப் போயிற்று என்று ஹென்றி பீச்சர் என்கிற அமெரிக்க மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். சில நாளில் குணமாகித் துப்பாக்கி தூக்குவார்கள் என்பது காரணம். மருத்துவ அறவியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உதாரணம் இது. ஒழுக்கவாதிகள் விடுதிக்குப் போனவனுக்கா மருந்து என்று பதறுகிறார்கள். பதற வேண்டிய இடம் அது அல்ல. காயத்தின் கடுமை என்கிற அளவுகோல் போய், 'திரும்பச் சண்டைக்கு உதவுவானா' என்பது அளவுகோலாகிவிட்டது. லாரேயின் சமத்துவம் தலைகீழாகிற இடம் அதுதான்.

1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் முதலாவதன் 12ஆம் பிரிவு இதை நேராக எதிர்கொள்கிறது. சிகிச்சையின் வரிசையில் ஒருவருக்கு முன்னுரிமை தர, அவசர மருத்துவக் காரணம் ஒன்றே செல்லுபடியாகும். எதிரிப் படையின் காயம்பட்டவனுக்கும் இதே விதி. காகிதத்தில் விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் முன்னுரிமை கொடுப்பதற்குக் கட்டிலண்டை நின்று கொடுக்க வேண்டும் என்பதில்லை. யாரை வாசலில் ஏற்பது என்று முன்கூட்டி எழுதிவிட்டால், கட்டிலண்டை நிற்கும் டாக்டர் முழு நேர்மையோடு நடந்துகொள்ளலாம். இராக்கிலும் ஆஃப்கானிஸ்தானிலும் அமெரிக்க, பிரிட்டிஷ் படை மருத்துவமனைகளில் 'யார் தகுதியுடையவர்' என்பதற்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தன. தங்கள் சிப்பாய் என்றால் கேள்வியில்லை. உள்ளூர்ப் பொதுமக்கள் என்றால், பொதுவாக, உயிர், கைகால், கண்பார்வை இவற்றில் ஒன்று போகிற நிலை இருக்க வேண்டும். இடமும் இருக்க வேண்டும். அமெரிக்கச் சிப்பாய் சில நாளில் ஜெர்மனியின் லாண்ட்ஷ்டூல் மருத்துவமனைக்கும் அங்கிருந்து தாய்நாட்டுக்கும் விமானத்தில் போய்விடுவான். உள்ளூர்க்காரருக்கு விமானம் கிடையாது. அந்தக் கட்டிலிலேயே கிடக்க வேண்டும், அல்லது கட்டில் தேவைப்படும்போது வசதி குறைந்த உள்ளூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே வந்தவர்களை அங்கிருந்த டாக்டர்கள் பாரபட்சம் இல்லாமல் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாரபட்சத்தைத் திட்டமே பார்த்துக்கொண்டது.

4

நாடகக்காரர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது ஒத்திகை. திட்டம் அலமாரியில் தூங்கிவிடக் கூடாதென்று ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துகிறார்கள். அமெரிக்க இராணுவ மருத்துவமனைகள் சிவில் மருத்துவமனைகளைப் போலவே ஒரு தரச்சான்று அமைப்பின் பரிசோதனைக்கு உட்பட்டவை. அந்தச் சான்றுக்கும் ஒத்திகை வேண்டும். தொண்டர்களுக்கு மெழுகாலும் சாயத்தாலும் புண் ஒப்பனை செய்கிறார்கள். கழுத்தில் ஓர் அட்டை: நாடித்துடிப்பு இவ்வளவு, மூச்சு இவ்வளவு, கேட்டால் பதில் சொல்லு, பதிலே சொல்லாதே. யாரும் பார்க்காவிட்டால் இத்தனை நிமிடத்தில் நீ செத்துப்போகிறாய் என்றும் எழுதியிருக்கலாம். கடிகாரத்தோடு ஒருவர் நின்று குறிப்பெடுப்பார்.

இந்த அரங்கில் எல்லாப் பாத்திரங்களும் விளைவுகள். காரணம் என்கிற பாத்திரம் மேடைக்கு வருவதே இல்லை. 2000 அக்டோபரில் பென்டகனில் நடந்த ஒத்திகையைப் பாருங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அந்தத் தலைமைக் கட்டடத்தின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து, அதன்மேல் ஒரு பயணி விமானம் விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தார்கள். பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது, ஆகவே விபத்துக்கு வாய்ப்பு உண்டு என்பது கணக்கு. அடுத்த ஆண்டு, 2001 செப்டம்பர் 11 அன்று, உண்மையிலேயே விமானம் விழுந்தது. கடத்தியவர்களைச் சேர்க்காமல் 184 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குள்ளேயே இருந்த இராணுவ மருத்துவ நிலையத்தின் ஆட்கள், ஒத்திகை பார்த்தவர்கள் என்பதால், சுறுசுறுப்பாகவே வேலை செய்தார்கள். திட்டத்தின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். வெற்றிதான். ஆனால் திட்டத்தைப் பொறுத்தவரை, விபத்தாக விழும் விமானமும் அரசியலாக விழும் விமானமும் ஒரே விமானம். ஏன் விழுந்தது என்கிற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பட்டியல் ஆபத்தை வெளியிலேயே தேடும் என்பது இன்னொரு சங்கதி. காபூலில் சர்தார் தாவூத் கான் மருத்துவமனை ஆஃப்கானிஸ்தானின் பெரிய இராணுவ மருத்துவமனை, 400 படுக்கை. 2017 மார்ச் 8 அன்று உள்ளே புகுந்து சுட்டவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டு மருத்துவ ஊழியர் வேஷத்தில் இருந்தார்கள். 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், நோயாளிகளும் ஊழியர்களும் உட்பட. 2021 நவம்பரில், ஆட்சி தாலிபான் கைக்கு மாறிய பிறகு, அதே மருத்துவமனை மறுபடி தாக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் இலக்கு மாறவில்லை. மருத்துவமனையைத் தாக்கக் கூடாது என்று சொல்லும் அதே ஜெனீவா ஒப்பந்தம், படை இலக்குகள் தாக்கப்படும்போது ஆபத்து வராத இடத்தில், முடிந்தவரை, மருத்துவமனைகளை அமைப்பது பொறுப்பிலிருப்பவர்களின் கடமை என்றும் 19ஆம் பிரிவில் சொல்கிறது. முதல் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவது பாதி கட்டடம் கட்டுகிற நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

5

இனி கான்ட்ரா கோஸ்டாவுக்கு வரலாம். அவர்களிடம் வந்த திட்டத்தின் பெயர் 'சிவில்-இராணுவ எதிர்பாரா நிலை மருத்துவமனை அமைப்பு'. கார்ட்டர் ஆட்சியின் கடைசி ஆண்டான 1980இல் பாதுகாப்புத் துறை தொடங்கியது. நாடெங்கும் சிவில் மருத்துவமனைகளிலிருந்து 50,000 படுக்கைகளுக்கு வாக்குறுதி வாங்குவது இலக்கு. வரப்போகும் போர் சட்டென்று தொடங்கும், சரித்திரத்தில் எந்தப் போரிலும் இல்லாத வேகத்தில் காயம்பட்டோர் வருவார்கள் என்று இராணுவமே சொன்னது. எந்தப் போர் அது? 1980களின் தொடக்கம், ஐரோப்பாவில் இரு பக்கமும் அணு ஏவுகணைகள் எதிரும் புதிருமாக நின்ற காலம். 'சமூகப் பொறுப்புக்கான மருத்துவர்கள்' என்கிற அமைப்பினர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு வேகத்தில் இவ்வளவு பேர் காயம்படுகிற போர் அணு ஆயுதத்தில் போய் முடியாமல் இருக்காது. அப்படியானால் இந்தப் படுக்கைகளுக்கு அர்த்தம் இல்லை, மருத்துவமனை இருக்கிற நகரமே மிஞ்சாது. உதவாது என்று தெரிந்தும் திட்டத்துக்குச் சம்மதம் சொன்னால், அணுப்போரைச் சமாளித்துவிடலாம் என்கிற நம்பிக்கையை நாமே விற்பதாகும். அந்த நம்பிக்கை போரை நெருங்கிவரச் செய்யும். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் கெய்கர் இந்த வாதத்தைத் தொடர்ந்து எழுதினார்.

பாதுகாப்புத் துறை சார்பில் பதில் சொன்ன மருத்துவ அதிகாரி ஜே பிஸ்கார்ட். இது மரபான ஆயுதப் போருக்கான திட்டம், அணுப்போருக்கு அல்ல. அரசியலை டாக்டர் தேர்தலில் காட்டட்டும், கட்டிலில் கிடக்கிற இளைஞனிடம் காட்டக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்க மருத்துவச் சங்கம் திட்டத்தை ஆதரித்தது. பிஸ்கார்டின் வாதத்தைப் 'அதிகாரத்தின் குரல்' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நம் பத்திரிகைகளில் அப்படித்தான் செய்வோம். நான் ஒதுக்கத் தயாரில்லை. வேலை கிடைக்காமல் படையில் சேர்ந்த ஏழைப் பையனுக்குக் கால் போனால் அதற்குப் படுக்கை வேண்டும். அவனைக் காட்டி அரசைத் தண்டிக்க முடியாது. இருந்தாலும் கெய்கர் தரப்பு பிடித்த நுனி வேறு. கட்டிலில் கிடக்கிற இளைஞன் இன்னும் இல்லை. அவனை உண்டாக்குகிற முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. இல்லாத அவனைக் காட்டி இன்றைக்குச் சம்மதம் கேட்கிறபோது, அந்தச் சம்மதம் அவனுக்கா, அவனை உண்டாக்குகிற முடிவுக்கா?

தமிழ் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. போர் 'மூள்கிறது' என்கிறோம், தீ மூள்கிற மாதிரி. தன்வினை. யாரும் செய்ய வேண்டியதில்லை, தானாக நடக்கும். 'மூட்டுகிறான்' என்று பிறவினை ஆக்கினால் உடனே எழுவாய் வந்து நிற்கிறது: யார் மூட்டியது? அவசரகாலத் திட்டங்கள் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் 'மூள்' என்கிற தன்வினையில்தான் எழுதப்படுகின்றன. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் 'பெரும்போர் மூண்டால்' என்று திட்டத்தின் கேள்வியை அதன் மொழியிலேயே சொல்லியிருக்கிறேன், யாருக்கும் உறுத்தியிருக்காது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1982இல் ஒரு சட்டம் வந்தது, போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனைகளுக்கு முதல் துணை முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகள் என்று. 1984இல் ரீகன் ஆட்சியில் 'தேசியப் பேரிடர் மருத்துவ அமைப்பு' உருவானது. சுகாதாரத் துறை, பாதுகாப்புத் துறை, பேரிடர் நிறுவனம், முன்னாள் படைவீரர் நிர்வாகம் நான்கும் கூட்டு. வேலை இரண்டு: உள்நாட்டில் பேரிடர் வந்தால் உதவுவது, வெளிநாட்டுப் போரில் காயம்பட்டோர் பெருகினால் படுக்கை தருவது. சிவில் மருத்துவமனைகள் முன்கூட்டி ஒப்பந்தம் செய்துகொள்ளும் என்கிற ஏற்பாடு அப்படியே இருந்தது. பெயரிலிருந்து 'இராணுவம்' போய்ப் 'பேரிடர்' வந்தது. புயலுக்கும் பூகம்பத்துக்கும் படுக்கை தரமாட்டேன் என்று எந்த டாக்டர் சொல்வார்? எதிர்ப்பு முற்றாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்ப்பதற்கான மொழி பறிபோய்விட்டது. 'எல்லா ஆபத்துகளுக்குமான அணுகுமுறை' செய்கிற வேலை இது. வெள்ளம், நிலநடுக்கம், போர் எல்லாம் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கும்போது போர் ஒரு பருவநிலை ஆகிவிடுகிறது. மழை பெய்யும், குடை வைத்துக்கொள்.

அந்தக் குடை நிஜமாகவே உபயோகப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1991 வளைகுடாப் போருக்குத் தயாராக இருந்தும் அந்தப் படுக்கைகள் பெரிய அளவில் தேவைப்படவில்லை. 2005இல் கத்ரீனா புயலின்போது இந்த அமைப்பின் குழுக்கள் நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் இறங்கின, ஏராளமான நோயாளிகள் விமானத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அங்கேயும் சாகப்போகிறவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டது. போர்க்களத்தின் நான்காம் வகை, வெள்ளத்தில் நனைந்த முதியவர்களுக்கு வந்து சேர்ந்தது.

2020இல் நேர்மாறாக நடந்தது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது, மார்ச் 30 அன்று, 1000 படுக்கை கொண்ட 'கம்ஃபர்ட்' என்கிற கடற்படை மருத்துவக் கப்பல் நியூயார்க்குக்கு வந்தது. கரையில் கைதட்டல். கப்பல் போர்க்காயத்துக்காகக் கட்டப்பட்டது, தொற்றுக்காக அல்ல; ஆகவே கொரோனா இல்லாதவர்களை மட்டும் ஏற்போம் என்று ஆரம்பித்தார்கள். நகரம் முழுக்கக் கொரோனா நோயாளிகள். முதல் நாட்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்தார்கள். பிறகு விதியை மாற்றினார்கள், கப்பலையும் மாற்றியமைத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கிளம்பியபோது மொத்தம் 182 பேருக்குச் சிகிச்சை நடந்திருந்தது. படுக்கை இருந்தது, ஆள் இருந்தது, மருந்து இருந்தது. யாருக்கான படுக்கை என்று வேறொரு காலத்தில் யாரோ எழுதிய வாக்கியமும் இருந்தது.

6

கடைசியாக அந்தக் காலிப் படுக்கை. இன்றைய மருத்துவமனை எதுவும் படுக்கையைச் சும்மா போட்டு வைப்பதில்லை. லாபக் கணக்கு விடாது. 50 படுக்கை தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்ட மருத்துவமனையில் அந்த 50 படுக்கையிலும் இன்றைக்கு ஆள் படுத்திருக்கிறார். அவசரம் வந்தால் அவரை எழுப்ப வேண்டும். இதற்கும் வழிமுறை உண்டு. 'தலைகீழ் ட்ரையாஜ்' என்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கேபர் கெலன் குழுவினர் 2006இல் 'லான்செட்' இதழில் இதற்கு ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். உள்ளே இருப்பவர்களை ஐந்து படியாகப் பிரிப்பது. சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்தால் அடுத்த 72 மணி நேரத்தில் இவருக்குப் பெரிய பாதகம் நேர எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பது. நேர்மையான ஆய்வு. நிபுணர்களைக் கூட்டிவைத்து, எவ்வளவு ஆபத்து வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் எந்த வீட்டுக்கு? பார்த்துக்கொள்ள ஆளும் காரும் இருக்கிற வீட்டுக்கா, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிற கிழவியின் அறைக்கா? மருத்துவ அளவுகோல் உடம்பைத்தான் அளக்கும். சுற்றத்தார் இல்லாதவனைத் தனித் துறையாகப் பிரித்த பழைய இலக்கணக்காரன் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நுணுக்கமானவன்.

2019 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கப் பாதுகாப்புச் செலவுச் சட்டம், தேசியப் பேரிடர் மருத்துவ அமைப்பின் கொள்ளளவைப் பெருக்க முன்னோடித் திட்டம் ஒன்றை அனுமதித்தது. வெளிநாட்டில் பெரும்போர் வந்தால், திரும்பிவரும் காயம்பட்டோரை இராணுவ மருத்துவமனைகள் மட்டும் தாங்குமா என்கிற அதே பழைய கேள்வி. ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, இராணுவ மருத்துவமனைகளையும் சிவில் மருத்துவமனைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஆலோசனை நடத்தினார்கள். 1980இல் 50,000 படுக்கை கேட்டபோது டாக்டர்கள் கூட்டம் போட்டு, எந்தப் போர், யார் தொடுக்கும் போர் என்று கேட்டார்கள். இந்த முறை பேச்செல்லாம் கொள்ளளவு, ஒருங்கிணைப்பு, விமானத்திலிருந்து வார்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதாகவே இருந்தது.